மாட்ரிட் அரச அரண்மனையும் அல்முதேனா பேராலயமும்: எந்த வரிசையில், எதைப் பார்ப்பது?

மாட்ரிட்டில் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. அரச அரண்மனைக்குள் சென்று பார்ப்பது நேரத்துக்குத் தகுமா, அதற்கு எதிரே நிற்கும் அல்முதேனா பேராலயம் 1993-இல்தான் கட்டி முடிக்கப்பட்டது என்பதால் அதை வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போய்விடலாமா, இரண்டையும் பார்ப்பதானால் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் பாருங்கள் என்பதே என் பதில். ஆனால் பெரும்பாலான பயணிகள் செய்வதுபோல அரண்மனை வாசலில் தொடங்காதீர்கள். பேராலயத்துக்குப் பின்னால், சரிவின் அடியில் கிடக்கும் பழைய மதிலில் தொடங்கி, பேராலயத்தின் அடியிலுள்ள நிலவறைக் கோவில், அதன் மேலுள்ள மேல்கோவில், அரண்மனை என்று கீழிருந்து மேலே ஏறி வாருங்கள். அப்படி வந்தால்தான் ஒரே மேட்டின் மேல் இந்த இரண்டு கட்டடங்களும் ஏன் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன என்பது விளங்கும்.

குவெஸ்தா தே லா வேகா என்ற சரிவுப் பாதையில் இறங்கினால், ஒரு சிறிய பூங்காவின் ஓரத்தில் கரடுமுரடான கல்மதில் ஒன்றைக் காண்பீர்கள். பார்வைக்கு எடுப்பாக இராது. பலர் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். ஆனால் இந்த நகரத்தில் இன்று நிற்கும் கட்டுமானங்களில் மிகப் பழையது அதுதான். தென் ஸ்பெயினிலுள்ள கோர்தோபாவிலிருந்து ஆண்ட முஸ்லிம் அமீர் முதலாம் முகம்மது, வடக்கேயிருந்த கிறித்தவ அரசுகளிடமிருந்து தொலேதோ நகரைக் காப்பதற்காக, 9-ஆம் நூற்றாண்டில் மன்சனாரெஸ் ஆற்றுக்கு மேலேயுள்ள இந்த மேட்டில் ஒரு கோட்டையை எழுப்பினார். மாட்ரிட் என்ற ஊர்ப்பெயரே அந்தக் காலத்து 'மைரித்' என்ற பெயரிலிருந்து வந்தது. அல்முதேனா என்ற சொல்லும் அரபுதான். நமக்குப் பழக்கமான மதீனா என்ற சொல்லின் சிறுமை வடிவம் அது; கோட்டை சூழ்ந்த சிற்றூர் என்று பொருள்படும்.

அந்தச் சொல் மரியன்னையின் பெயரானதற்கு ஒரு மரபுக்கதை உண்டு. முஸ்லிம் படைகள் வந்தபோது ஊர்க் கிறித்தவர்கள் அன்னையின் சிலையை மதிலுக்குள் வைத்து மூடிவிட்டார்கள் என்றும், 1085-இல் கிறித்தவ மன்னர் ஆறாம் அல்ஃபோன்சோ ஊரைக் கைப்பற்றிய பின் நடந்த ஒரு பவனியின்போது மதிலின் ஒரு பகுதி இடிந்து விழ, உள்ளே எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகளுக்கு நடுவே சிலை வெளிப்பட்டது என்றும் சொல்கிறார்கள். இன்று பேராலயத்தில் வணங்கப்படும் மரச்சிற்பம் அந்தக் காலத்தது அன்று. பல நூற்றாண்டுகள் பிந்தியது. ஆனாலும் ஒரு கோட்டைமதிலின் அரபுப் பெயரைத் தன் நகரத்துக் காவல் அன்னைக்குச் சூட்டி, ஆண்டுதோறும் நவம்பர் 9 அன்று விழா எடுக்கும் ஊர் இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியேறுங்கள்.

மதிலைப் பார்த்தபின் அதே சரிவிலிருந்து நிலவறைக் கோவிலுக்குள் நுழையலாம். பேராலயத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் இப்படியொரு கோவில் கீழே இருப்பதே தெரியாமல் திரும்பிவிடுவார்கள் என்பது என் கணிப்பு. எனக்கோ முழு வளாகத்திலும் மிகப் பிடித்த இடம் இதுதான். 1911-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட இது, மேல்கோவில் உருப்பெறுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே முழுமை பெற்றுவிட்டது. இடைக்கால ரோமனெஸ்க் பாணியைப் பின்பற்றி, அரைவட்ட வளைவுகளும் தடித்த தூண்களுமாகக் கட்டியிருக்கிறார்கள். தூண்கள் நானூறுக்கும் மேல். அவற்றின் போதிகைகளில் இலையும் கொடியும் விலங்கும் மனிதமுகமுமாகச் செதுக்கியிருக்கும் உருக்கள் தூணுக்குத் தூண் வேறுபடுகின்றன. நம் ஊர்க் கோவில் மண்டபங்களில் தூண் தூணாக நின்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே நல்ல விருந்து. தரையில் பதித்திருக்கும் பலகைகள் கல்லறைகள். சுற்றிலும் உள்ள சிற்றாலயங்கள் வசதி படைத்த குடும்பங்களுக்கு உரியவை. மெதுவாக நடந்தால் அரைமணி நேரம் போதும். கூட்டம் அதிகம் இராது.

இனி மேல்கோவில். 1561-இல் இரண்டாம் பிலிப் தம் அரசவையை மாட்ரிட்டுக்குக் கொண்டுவந்தார், ஊர் தலைநகரானது. ஆனால் திருச்சபை நிர்வாகத்தில் அது தொலேதோ பேராயரின் ஆளுகைக்கு உட்பட்டே இருந்ததால், பெரும் பேரரசு ஒன்றின் தலைநகருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஆயரின் தலைமைக் கோவிலான பேராலயம் சொந்தமாக ஒன்று இல்லை. அல்முதேனா அன்னையின் பழைய கோவில் சிறியது. அதையும் 1868-இல் தெருவை அகலப்படுத்துவதற்காக இடித்துவிட்டார்கள்.

பத்தாண்டுகள் கழித்து, 1878 ஜனவரியில், மன்னர் பன்னிரண்டாம் அல்ஃபோன்சோ தம் உறவுமுறைப் பெண்ணான மெர்செதெஸை விரும்பி மணந்தார். ஐந்தே மாதங்களில், தம் பதினெட்டாம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் கழித்து, காய்ச்சலில் அரசி எதிரேயுள்ள அரண்மனையில் இறந்துபோனார். அரசர்களையும் அரச வாரிசுகளைப் பெற்ற அரசிகளையும் மட்டுமே எல் எஸ்கோரியால் மடத்திலுள்ள அரச கல்லறையில் வைப்பது மரபாகையால், குழந்தை இல்லாத மெர்செதெஸுக்கு அங்கே இடமில்லை. அல்முதேனா அன்னைமேல் பற்றுக்கொண்டிருந்த அவருக்கு அன்னையின் புதிய கோவிலிலேயே கல்லறை அமையவேண்டும் என்று மன்னர் விரும்பினார். அரண்மனைக்கு எதிரேயுள்ள நிலத்தை அளித்து, 1883 ஏப்ரல் 4 அன்று அடிக்கல்லும் நாட்டினார். அப்போது திட்டமிட்டது, சுற்றுவட்டாரத்து மக்களுக்கான ஒரு பங்குக் கோவிலைத்தான். இரண்டே ஆண்டுகளில், 1885-இல், மாட்ரிட் தனக்கென ஆயர் உள்ள தனி மறைமாவட்டமாக அறிவிக்கப்பட, பங்குக் கோவிலின் வரைபடம் பேராலயத்தின் வரைபடமாக விரிந்தது. அதே ஆண்டில் மன்னரும் காலமானார். மனைவியின் உடலை இங்கே கொண்டுவந்து வைப்பதை அவர் பார்க்கவில்லை. அது நடந்தது 2000-இல். கோவிலுக்குள் அந்தக் கல்லறையின் முன் சற்று நில்லுங்கள்.

முதல் கட்டடக் கலைஞர் பிரான்சிஸ்கோ தே கூபாஸ் வரைந்தது, விண்ணைக் குத்தும் கோபுரங்களுடன் கூடிய கோதிக் பாணிக் கோவில். பணத் தட்டுப்பாட்டால் பணி ஆமை வேகத்தில் நகர்ந்தது. 1936-இல் மூண்ட உள்நாட்டுப் போர் அதையும் நிறுத்திவிட்டது. போர் முடிந்தபின், அரைகுறையாக நிற்கும் இந்தக் கோதிக் கூடு அரண்மனையின் செவ்வியல் முகப்புக்குப் பக்கத்தில் ஒட்டாமல் நிற்கும் என்ற எண்ணம் வலுத்தது. 1944-இல் நடத்திய போட்டியில் வென்ற பெர்னாண்டோ சுவேக்கா கொய்த்தியாவும் கார்லோஸ் சித்ரோவும், உள்ளே கோதிக் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, வெளியே அரண்மனையின் நிறத்துக்கும் அமைப்புக்கும் இணங்கிய புதிய உடையைப் போர்த்தினார்கள். வாசலில் நின்று பார்க்கும்போது ஒரு கட்டடமும் உள்ளே நுழைந்ததும் வேறொரு கட்டடமுமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். வழக்கமாகக் கோவில்கள் கிழக்கு-மேற்காக அமையும். இதுவோ வடக்கு-தெற்காகக் கிடக்கிறது. அரண்மனையோடு ஒரே வளாகமாக இணைய வேண்டும் என்பதற்காகத் திசையையே மாற்றிக்கொண்ட கோவில் இது. 1993 ஜூன் 15 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நேரில் வந்து இதை அர்ச்சித்தார். அடிக்கல்லுக்கும் அர்ச்சிப்புக்கும் இடையே 110 ஆண்டுகள்.

உள்ளே கூரையில் பளிச்சென்ற வண்ணங்களில் வடிவியல் கோலங்களும், பீடத்துக்குப் பின்னால் கீக்கோ அர்குவெயோ என்ற ஓவியரின் குழுவினர் பைசாந்திய மரபைத் தழுவி வரைந்த நவீன ஓவியங்களும் இருக்கின்றன. பழைய கோதிக் பேராலயங்களின் இருளையும் புகைபடிந்த கல்லையும் எதிர்பார்த்து வருபவர்களுக்கு இவை உறுத்தும். இந்தக் கோவிலை வெறுத்துப் பேசும் பயணிகளை நிறையவே கண்டிருக்கிறேன். பர்கோஸ், தொலேதோ, லியோன் ஆகிய ஊர்ப் பேராலயங்களோடு கலைநயத்தில் இது போட்டியிட முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நகரம் நான்கு தலைமுறைகளாகக் கைவிடாமல் கட்டி முடித்த கோவிலை அதன் வயதைக் கொண்டு ஒதுக்குவது சரியன்று. படியேறிச் சென்றால் காணக்கிடைக்கும் அல்முதேனா அன்னையின் பீடத்தில், சிலைக்குப் பின்னால் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த, ஹுவான் தே போர்கோன்யா வரைந்த ஓவியப் பலகைகள் உள்ளன, அவற்றைத் தவறவிடாதீர்கள்.

இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். மாட்ரிட்டின் காவல் புனிதர் அரசரோ ஆயரோ அல்லர். 12-ஆம் நூற்றாண்டில் பிறர் நிலத்தில் ஏர் ஓட்டிக் கூலிக்கு உழைத்த இசிதோர் என்ற உழவர். அவர் உடலை முன்பு வைத்திருந்த, தோல் போர்த்தி ஓவியம் தீட்டிய இடைக்கால மரப்பேழை இக்கோவிலில் இருக்கிறது. 1622 மார்ச் 12 அன்று ரோமில் இவருக்குப் புனிதர் பட்டம் அளித்த அதே சடங்கில் பட்டம் பெற்றவர்களுள் ஒருவர், நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து மறையுரைத்த பிரான்சிஸ் சவேரியார். தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்திலிருந்து செல்பவர்களுக்கு இந்தப் பேழையின் முன் நிற்கும்போது ஊர் நினைவு வருவது இயல்பு.

கோவிலின் வடவாசல் வழியே வெளியே வந்தால் எதிரே அரண்மனை. நடுவே கிடக்கும் பெரிய கல்முற்றத்தின் பெயர் படைக்கலச்சாலை முற்றம். அரண்மனையின் வரலாறும் ஓர் இழப்பில்தான் தொடங்குகிறது. அமீரின் கோட்டை நின்ற இடத்தில் பின்னாளில் ஸ்பானிய அரசர்கள் விரிவாக்கிய 'அல்காசர்' என்ற பழைய அரண்மனை இருந்தது. 1734-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, அரச குடும்பம் எல் பார்தோ என்ற வேறோர் அரண்மனையில் தங்கியிருந்த வேளையில், அதில் தீப்பிடித்தது. அபாய மணியைக் கேட்டவர்கள் அதை நள்ளிரவுத் திருப்பலிக்கான மணி என்று எண்ணினார்கள் என்று சொல்லப்படுகிறது. தீ நான்கு நாள் எரிந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் அழிந்தன. அரசவை ஓவியர் வெலாஸ்கெஸின் சில படைப்புகளும் அவற்றோடு போயின. மீட்கப்பட்டவற்றுள் ஒன்று, இன்று பிராதோ அருங்காட்சியகத்தில் உலகமே வந்து பார்க்கும் அவருடைய 'லாஸ் மெனினாஸ்'. அரண்மனையைப் பார்த்துவிட்டு மாலையில் பிராதோவுக்குச் செல்வதானால், அந்த ஓவியம் இந்த மேட்டிலிருந்து தப்பிப் போனது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெர்சாய் அரண்மனையில் பிறந்து வளர்ந்தவரான மன்னர் ஐந்தாம் பிலிப் புதிய அரண்மனைக்காக இத்தாலியிலிருந்து கட்டடக் கலைஞர் பிலிப்போ யுவாராவை வரவழைத்தார். யுவாரா வேறோர் இடத்தில் மிகப் பரந்த அரண்மனை ஒன்றைக் கட்ட விரும்பினார். மன்னரோ எரிந்த இடத்திலேயே கட்டவேண்டும் என்று உறுதியாக நின்றார். 1736-இல் யுவாரா இறந்துபோக, அவருடைய மாணவர் சாக்கெட்டி பொறுப்பேற்றார். 1738-இல் பணி தொடங்கியது. மேட்டின் மேல் இடம் குறைவு. எனவே பக்கவாட்டில் பரப்ப வேண்டியதை அவர் உயரத்தில் அடுக்கினார். முற்றத்திலிருந்து பார்க்கையில் அடக்கமாகத் தெரியும் இக்கட்டடம், மேற்கே ஆற்றங்கரைப் பக்கத்திலுள்ள காம்போ தெல் மோரோ தோட்டத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும்போது ஒரு மலைபோல எழுந்து நிற்பது அதனால்தான். இன்னொரு தீ வரக்கூடாது என்பதற்காகத் தளங்களை மரத்தால் தாங்காமல், கல்லாலும் செங்கல்லாலும் வளைவுக் கூரை எழுப்பி அதன்மேல் தளம் போட்டார்கள். அந்தச் சுமையைத் தாங்குவதற்காகவே சுவர்கள் அவ்வளவு தடிமன். சன்னல் ஓரங்களில் அதை நீங்களே பார்க்கலாம். 1764-இல் மன்னர் மூன்றாம் சார்லஸ் முதன்முதலாகக் குடிபுகுந்தார். பரப்பு ஏறத்தாழ 1,35,000 சதுர மீட்டர், அறைகள் 3,418. மேற்கு ஐரோப்பாவின் அரண்மனைகளில் பரப்பளவில் இதுவே மிகப் பெரியது. பயணிகளுக்குத் திறந்திருப்பது இதில் ஒரு சிறு பகுதிதான். அதற்கே ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வேண்டும்.

எல்லா அறைகளையும் ஒரே கவனத்தோடு பார்க்க முயன்றால் கண் களைத்துவிடும்; தங்கமுலாமும் பட்டும் சரவிளக்கும் பத்தாவது அறையில் சலித்துப்போகும். ஆகவே சில இடங்களில் மட்டும் நின்று பாருங்கள். முதலாவது, கொராதோ ஜாக்குவிந்தோவின் விதான ஓவியம் கவிந்த பெரிய படிக்கட்டு. அடுத்தது தூண் மண்டபம்: ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் சேரும் உடன்படிக்கையில் 1985-இல் கையெழுத்திட்டதும், 1991-இல் இஸ்ரேலும் அரபுத் தரப்புகளும் அமைதிப் பேச்சுக்காக ஒன்றுகூடியதும், 2014-இல் மன்னர் ஹுவான் கார்லோஸ் முடிதுறக்கும் சட்டத்தில் ஒப்பமிட்டதும் இங்கேதான். அரியணை மண்டபத்தில் அரியணையை விடக் கூரையைப் பாருங்கள். வெனிஸ் ஓவியர் தியெபோலோ தம் முதுமையில் 1764-இல் தீட்டிய விதானம் அது. பிறகு, சுவரும் கூரையும் செடிகொடிகளாகச் சுருண்டு படரும் கஸ்பாரினி அறை. விருந்து மண்டபத்தைப் பன்னிரண்டாம் அல்ஃபோன்சோ தம் இரண்டாம் திருமணத்தையொட்டி 1879-இல் அமைத்தார் என்பதை, மெர்செதெஸின் கல்லறையைப் பார்த்துவிட்டு வரும் நீங்கள் வேறுவிதமாக உணர்வீர்கள். இசைக்கருவிகள் செய்வதில் பெயர்பெற்ற இத்தாலியர் ஸ்திராதிவாரி தம் கையால் செய்து அலங்கரித்த வயலின், வியோலா, செல்லோ அடங்கிய தொகுதியும் இங்கே பேணப்படுகிறது. அரச படைக்கலச்சாலை திறந்திருந்தால் அதற்கென்று தனியே நேரம் ஒதுக்குங்கள்.

இது இன்றும் அரசின் அதிகாரப்பூர்வ அரண்மனை. ஆனால் அரச குடும்பம் நகருக்கு வெளியே சர்சுவேலா அரண்மனையில் வசிக்கிறது. இங்கே கடைசியாக வாழ்ந்த மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ; 1931 ஏப்ரலில் குடியரசு மலர்ந்த இரவில் அவர் வெளியேறினார். அரசு விருந்துகளும் தூதர்கள் நியமனப் பத்திரம் அளிக்கும் சடங்குகளும் இன்னும் இங்கே நடக்கின்றன. அந்த நாள்களில் முன்னறிவிப்பு குறைவாகவே அரண்மனையை மூடிவிடுவார்கள். ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவு அதிகாரப்பூர்வ இணையதளத்தைக் கட்டாயம் பாருங்கள். நுழைவுச்சீட்டை நேரம் குறித்து இணையத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. இல்லையென்றால் வெயிலில் நீண்ட வரிசை. வார நாள்களின் மாலையில் இலவச அனுமதி என்று படித்திருப்பீர்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்தையும் இலத்தீன் அமெரிக்க நாடுகளையும் சேர்ந்தவர்களுக்கான சலுகை, இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்குப் பொருந்தாது. படம் எடுக்க எங்கே அனுமதி உண்டு என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரத்தை இப்படி வகுத்துக்கொள்ளலாம். ஓப்பரா மெட்ரோ நிலையத்தில் இறங்கி, ஒன்பதரை மணிக்கு மதிலடியில் இருங்கள். பத்து மணிவாக்கில் நிலவறைக் கோவில், பதினொன்றுக்குள் மேல்கோவில், அரண்மனைக்கு 12 மணிச் சீட்டு. புதன், சனிக்கிழமைகளில் முற்பகலில் அரண்மனை வாயிலில் காவலர் மாற்றும் சடங்கு நடக்கும். குதிரைகளைப் பிள்ளைகள் மிகவும் விரும்புவார்கள். பேராலயத்தில் திருப்பலி நடக்கும் நேரத்தில் சுற்றிப் பார்ப்பதைத் தவிர்த்து, தோளும் முழங்காலும் மறையும் உடையோடு செல்லுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. காணிக்கை கேட்பார்கள், கொடுப்பதே முறை. அருங்காட்சியகத்துக்கும் குவிமாடத்துக்கும் தனிச் சீட்டு. ஞாயிற்றுக்கிழமை அவை திறப்பதில்லை. குவிமாடத்திலிருந்து அரண்மனை முற்றத்தை முழுமையாகப் பார்க்கலாம், வானம் தெளிவாக இருந்தால் குவதர்ராமா மலைத்தொடரும் தெரியும். மாலையில் ஒரு மணி நேரம் மிஞ்சினால், 2023-இல் இரண்டுக்கும் பக்கத்தில் சரிவோடு சரிவாகக் கட்டித் திறந்த அரசத் தொகுப்புகள் காட்சியகத்துக்குப் போகலாம். அதைக் கட்டத் தோண்டியபோது வெளிப்பட்ட பழைய மதிலின் இன்னொரு துண்டை உள்ளேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் முடித்துச் சாப்பிடுவதற்காகக் கல்லே மயோர் தெரு வழியே நகர மையத்துக்குத் திரும்பும்போது, சில அடி தூரத்திலேயே அல்முதேனா என்ற பெயருள்ள சிறிய தெரு பிரியும். அதன் முனையில் ஒரு வெண்கல மனிதர் கம்பியில் கைகளை ஊன்றி, குனிந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பார்ப்பது, 1868-இல் இடித்த பழைய அல்முதேனா கோவிலின் அடித்தளக் கற்களை. கண்ணாடிக்குக் கீழே அவை அப்படியே கிடக்கின்றன. அவர் பக்கத்தில் நின்று நீங்களும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.